பழைய ஸ்கீ படகில் நல்ல சர்ஃப் அலை எடுப்பது எப்படி

ஸ்கீ படகு, அதாவது நீர்ச்சறுக்கு வீரரைக் கயிற்றில் இழுக்கும் படகு, அலை எழுப்பாமல் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. தட்டையான அடிப்பாகம், குறைந்த எடை, நடுவில் இஞ்சின். ஸ்லாலம் ஸ்கீயர் மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் இழுபட்டுப் போகும்போது பின்னால் மேடு எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அதன் இலக்கணம். வேக்சர்ஃபிங்குக்கு, அதாவது படகு எழுப்பும் அலையில் கயிற்றை விட்டுவிட்டுப் பலகையில் சறுக்குவதற்கு, வேண்டியது இதற்கு நேர் எதிர்: மணிக்கு 16 முதல் 18 கி.மீ. வேகத்தில், தண்ணீரில் ஆழமாகக் குழி பறித்துக்கொண்டு போகிற படகு. ஆகவே முதலில் படகைத் தண்ணீருக்குள் அமுக்க வேண்டும். அப்புறம், அந்தக் குழியை நிரப்ப ஓடிவரும் தண்ணீரை ஒழுங்குபடுத்த வேண்டும். எடை உயரத்தைத் தரும், கேட் (படகின் பக்கவாட்டில் பின்கோடியில் ஒட்டும் சிறகுப் பலகை) வடிவத்தைத் தரும். பலர் எடையை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள், பெரிதாவது நுரைதான்.

புரொப்பல்லர் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள். சர்ஃப் செய்பவர் படகின் பின்விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மீட்டரில் நிற்கிறார். முன்பக்கமாக விழுந்தால் நேரே படகின் பின்புறத்துக்குத்தான் வருவார். அவுட்போர்டு, ஸ்டெர்ன்டிரைவ் படகுகளில் புரொப்பல்லர் அங்கேதான் சுழல்கிறது. அந்தப் படகுகளுக்கு இந்த வழிமுறை கிடையாது. எந்த மாற்றமும் அவற்றைப் பாதுகாப்பாக்காது. (முன்னோக்கிய புரொப்பல்லர் கொண்ட புதிய டிரைவ்கள் வேறு கணக்கு.)

பழைய ஸ்கீ படகு பெரும்பாலும் டைரக்ட் டிரைவ். இஞ்சின் நடுவில் உட்கார்ந்திருக்கும்; ஷாஃப்ட் சரிந்து ஹல்லின் (படகின் உடற்கூட்டின்) அடியில் வெளியே வரும்; புரொப்பல்லர் சுக்கானுக்கு முன்னால், ஹல்லுக்கு அடியில் மறைந்திருக்கும். சர்ஃபிங்குக்கு இது சரியான அமைப்பு. குறை ஒன்றுதான்: இஞ்சின் பின்பக்கம் இருக்கும் வி-டிரைவ் படகில் அதுவே பின்பக்க எடையாக உதவும், டைரக்ட் டிரைவில் அந்த எடை நடுவில் வீணாக நிற்கும். பின்பக்கத்தை அமுக்க நீங்கள்தான் எடை சேர்க்க வேண்டும்.

எடை ஏற்றும் முன் படகைச் சோதியுங்கள்

1990-களுக்கு முந்தைய பல படகுகளில் ஹல்லைத் தாங்கும் நீள விட்டங்கள், அதாவது ஸ்ட்ரிங்கர்கள், ஃபைபர் பூசிய மரம். பூச்சில் எங்காவது விரிசல் விட்டால் உள்ளே மரம் ஊறி மட்கிப்போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஸ்ட்ரிங்கர் நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் ‘டக்’ என்று கெட்டியாகப் பதில் சொல்லும்; மட்கிய இடம் ‘பொத்’ என்று மழுங்கும். அடுத்து, இஞ்சின் மவுண்டைப் பிடித்திருக்கும் பெரிய திருகுகளில் ஸ்பேனர் போட்டு லேசாக இறுக்கிப் பாருங்கள். இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அடியில் மரம் இல்லை. அப்படிப்பட்ட படகில் அரை டன் தண்ணீரை ஏற்றினால் ஷாஃப்ட் நேர்கோட்டிலிருந்து விலகும், பிறகு இஞ்சினே ஆடத் தொடங்கும். அலையை மறந்துவிட்டு முதலில் ஸ்ட்ரிங்கரைச் சரிசெய்யுங்கள்.

தரைக்கு அடியில் இருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எடைமேடையே போதும். டிரெய்லரோடு ஒருமுறை, டிரெய்லரை மட்டும் ஒருமுறை நிறுத்துக் கழித்துவிட்டு, தயாரிப்பாளர் கொடுத்த எடையோடு ஒப்பிடுங்கள். பெட்ரோலையும் சாமான்களையும் கழித்த பிறகும் 150 கிலோ கூடுதலாகக் காட்டினால், நீங்கள் போடாத பேலஸ்ட் (படகை அமுக்க ஏற்றும் எடை) ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதை இறக்கவும் முடியாது.

படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பு மிதவை சுவிட்சோடு, சாவி அணைந்திருந்தாலும் ஓடும்படி ஃப்யூஸ் வழியாக நேரே பேட்டரியில் இணைந்திருக்க வேண்டும். இஞ்சினுக்குக் குளிர்நீர் எடுக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லரை மாற்றிவிடுங்கள். சர்ஃப் வேகத்தில் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, பிளேனிங்கும் (நீரின் மேல் வழுக்கி ஓடுவது) இல்லாமல் மிதப்பும் இல்லாமல் இழுபடும். இஞ்சினுக்கு அதைவிடக் கடினமான வேலை கிடையாது. தேய்ந்த இம்பெல்லர் அங்கேதான் கைவிடும்.

எவ்வளவு எடை?

ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் உள்ள கொள்ளளவுத் தகட்டைப் பாருங்கள். ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்து அதிகபட்ச எடை அதில் இருக்கும். பேலஸ்ட்டும் அந்தக் கணக்கில்தான் வரும். உதாரணத்துக்குத் தகடு 590 கிலோ என்கிறது. ஓட்டுநர் 80, கவனிப்பவர் 70, சர்ஃப் செய்பவர் 75. அவர் தண்ணீரில் இருந்தாலும் எப்படியும் திரும்பப் படகில் ஏறத்தான் போகிறார், அதனால் விடாமல் சேருங்கள். சாமான்கள் 25. ஆக 250. மிச்சம் 340 கிலோ, அதாவது 340 லிட்டர் தண்ணீர். டைரக்ட் டிரைவ் படகில் சரியாக வைத்தால் இந்த அளவே நல்ல அலை தரும்.

தகட்டைத் தாண்டி இருமடங்கு ஏற்றுபவர்கள் உண்டு. ஸ்கீ படகின் விளிம்பு நீர்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லை என்பதை அவர்கள் மறக்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால், பின்னால் வந்த உங்கள் அலையே ட்ரான்சத்தை (படகின் பின்சுவரை) தாண்டி உள்ளே வரும். திரும்பி உங்கள் அலையைக் கடக்கும்போது, எடை ஏறிய அணியம் (படகின் முன்பகுதி) அலைக்குள் நேரே குத்தும். இரண்டு வாளி தண்ணீர் உள்ளே வந்தாலே அது தாழ்ந்த பக்கத்துக்கு ஓடி, சாய்வை இன்னும் கூட்டும்.

தண்ணீர்ப் பையா, ஈயப் பையா என்றால் தண்ணீர்தான் முதல் தேர்வு. படகுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டால் தண்ணீர்ப் பை தண்ணீருக்குள் கூடுதலாக எடை காட்டாது. ஈயம் தன் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். இருக்கைக்கு அடியில் பை நுழையாத சந்துகளில் மட்டும், மொத்தம் 100 கிலோவுக்கு மிகாமல், நகராதபடி பட்டை போட்டுக் கட்டி ஈயம் வையுங்கள். மணல் மூட்டை வேண்டாம். மூட்டை கிழிந்தால் மணல் நேரே பில்ஜ் பம்பை அடைக்கும்.

எங்கே வைப்பது?

இடது காலை முன்னால் வைத்து நிற்பவருக்குப் படகின் இடப்பக்க அலை. வலது கால் முன்னால் என்றால் வலப்பக்க அலை. அப்போதுதான் அவர் அலையைப் பார்த்தபடி நிற்பார்.

கேட் இல்லாமல் அலை எடுப்பது பழைய முறை. சர்ஃப் பக்கத்துக்குப் படகைச் சாய்க்க வேண்டும். மேலே சொன்ன 340 கிலோவில் 180 கிலோவைச் சர்ஃப் பக்கப் பின்மூலையிலும், 110-ஐ அதே பக்கத்தில் இஞ்சின் பெட்டியை ஒட்டித் தரையிலும், 50-ஐ அணியத்திலும் வையுங்கள். ஆட்களும் அந்தப் பக்கமே உட்கார வேண்டும்.

கேட் பொருத்தினால் சாய்வு வேண்டாம்: பின்மூலைகள் இரண்டிலும் தலா 120, அணியத்தில் 100. படகு நேராக நிற்கும், விளிம்பு இரண்டு பக்கமும் சம உயரத்தில் இருக்கும், சுக்கான் பிடிப்பது எளிது. பாதுகாப்பை மட்டும் வைத்துப் பார்த்தாலும் கேட் முறைதான் மேல்.

அணியத்தில் எடை எதற்கு என்று கேட்பவர்கள் அதிகம். பின் எடை அலையை உயரமாகவும் செங்குத்தாகவும், ஆனால் குட்டையாகவும் ஆக்கும். முன் எடை அதை நீட்டும். வெறும் பின் எடையோடு ஓடினால், படகை ஒட்டிய ஒரு சின்ன இடத்தில் மட்டும் தள்ளுவிசை கிடைக்கும். கொஞ்சம் பின்வாங்கினாலே அலை கைவிட்டுவிடும்.

பையும் பம்பும்

முதல் பருவத்தில் ஹல்லில் துளை போடாதீர்கள். படகின் பக்கவாட்டில் தொங்கவிடும் 12 வோல்ட் பம்பு ஒன்றும், 2.5 செ.மீ. குழாயும் போதும். எடை எங்கே இருந்தால் உங்கள் படகுக்கு அலை பிடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் நிரந்தரக் குழாய் இணைப்பு. மணிக்கு 3000 லிட்டர் என்று எழுதியிருக்கும் பம்பு 180 லிட்டர் பையை மூன்றரை நிமிடத்தில் நிரப்ப வேண்டும். குழாயின் வளைவு, ஏற்றம் எல்லாம் போக ஆறேழு நிமிடம் ஆகும். பையில் காற்று நின்றுவிட்டால் தண்ணீர் உள்ளே புரண்டு அலையும். மேல் வால்வைத் திறந்து காற்றை முழுக்க வெளியேற்றி, பை கல் மாதிரி இறுகும்வரை நிரப்புங்கள்.

நிரந்தரமாகப் பொருத்தும்போது ஹல் துளைக்கு வெண்கலப் பொருத்தி, அதன்மேல் உடனே ஒரு பந்து வால்வு. துளையின் உள்விளிம்பை எபாக்ஸியால் மூடிய பிறகே சீலன்ட். இஞ்சினின் குளிர்நீர் வாய்க்கும் புரொப்பல்லருக்கும் நேர் முன்னால் துளை வேண்டாம். அதன் குமிழிகள் இரண்டையும் கெடுக்கும். ஏரேட்டர் வகைப் பம்பு தானாகத் தண்ணீரை உறிஞ்சாது, நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இம்பெல்லர் வகை உறிஞ்சும், இரு திசையிலும் ஓடும். ஆனால் தண்ணீர் இல்லாமல் ஓடினால் ரப்பர் கருகிவிடும், எனவே டைமர் சுவிட்ச் அவசியம். நீர்மட்டத்துக்கு மேலே காற்றுவழியுள்ள வளையம் ஒன்றைக் குழாயில் கொடுக்காவிட்டால், பம்பு நின்ற பிறகும் தண்ணீர் சைஃபன் ஆகித் தானே நிரம்பும் அல்லது தானே வடியும். பெட்ரோல் இஞ்சின் அறையில் வைக்கும் பம்பும் சுவிட்சும் தீப்பொறி வெளியே வராத கடல்தர வகையாகவே இருக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கேட்: அலையின் வடிவம் இங்கேதான்

படகு வெட்டிய குழியை நிரப்ப, இருபுறமும் தண்ணீர் ஓடிவந்து ட்ரான்சத்துக்குப் பின்னால் மோதுகிறது. அந்த மோதல்தான் நுரை. ஒரு பக்கத் தண்ணீரைக் கொஞ்சம் வெளியே தள்ளித் தாமதப்படுத்தினால், மறுபக்கத் தண்ணீர் மோதாமல் வழுக்கிக்கொண்டு எழும். அந்த மறுபக்கம்தான் சர்ஃப் செய்யும் பக்கம். எனவே இடப்பக்க அலை வேண்டுமானால் கேட் வலப்பக்கம். கேட்டைச் சர்ஃப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று சொல்வதுதான் மிகச் சாதாரணமான தவறு.

புதிய சர்ஃப் படகுகளில் இது பொத்தானை அழுத்தினால் விரியும் பாகமாக வருகிறது. பழைய படகுக்கு வெற்றிடக் கப்பில் ஒட்டும் கேட்டை வாங்கலாம், அல்லது செய்துகொள்ளலாம். செய்வதானால் 12 மி.மீ. எச்டிபிஇ (கெட்டிப் பிளாஸ்டிக்) பலகை இரண்டு, ஒவ்வொன்றும் 40 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம். இரண்டையும் முன்விளிம்பில் ஸ்டெயின்லெஸ் பியானோ கீலால் இணையுங்கள். ஒரு பலகை ஹல்லோடு ஒட்டி நிற்கும், மற்றது சிறகு போலப் பின்நோக்கி விரியும். இடையில் ஆப்புக் கட்டை வைத்துத் திருகினால் கோணம் நிலையாகும். பின்விளிம்பு 5, 7, 9 செ.மீ. விலகும்படி மூன்று ஜோடிக் கட்டைகள் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஹல் பலகையில், கண்ணாடி தூக்கப் பயன்படுத்தும் பம்பு வைத்த வெற்றிடக் கப் மூன்று, பலகைக்குள் அடங்கும் விட்டத்தில். ஹல் லேசாக வளைந்திருப்பதால் பலகைக்குப் பின்னால் நியோப்ரீன் அட்டை ஒட்டுங்கள். கப்புகளின் உலோக எடைக்கு எச்டிபிஇ மிதக்காது. ஃபோம் துண்டு ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

ஒட்டும் இடம்: கேட்டின் பின்விளிம்பு ட்ரான்சத்தோடு சமமாக, கீழ்விளிம்பு ஹல்லின் கீழ்மடிப்புக்கு ஒன்றிரண்டு விரல் மேலே. முன்னால் தள்ளி வைத்தால், விலகிய தண்ணீர் ட்ரான்சத்தை அடைவதற்குள் மறுபடி ஹல்லோடு ஒட்டிக்கொள்ளும், பலன் போய்விடும். உயரமாக வைத்தால் பாதிச் சிறகு காற்றில்தான் நிற்கும். பாலிஷ் மெழுகு பூசிய ஹல்லில் கப் நிற்காது. அந்த இடத்தை மட்டும் ஆல்கஹாலால் துடையுங்கள். ஸ்டிக்கர் விளிம்பின் மேல் கப் விழுந்தால் காற்று புகுந்துகொண்டே இருக்கும். கப்பின் பம்புத் தண்டில் சிவப்புக் கோடு தெரிகிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் பாருங்கள். தெரிந்தால் வெற்றிடம் குறைந்துவிட்டது, இன்னும் நாலு அழுத்து.

பாதுகாப்புக் கயிறு கட்டாயம் வேண்டும், ஆனால் குட்டையாக. டைரக்ட் டிரைவில் புரொப்பல்லர் ட்ரான்சத்துக்கு முன்னால் இருக்கிறது. கழன்ற கேட் கயிற்றோடு அடியில் போய்ச் சுற்றிக்கொண்டால் ஷாஃப்ட்டே வளையலாம். கயிற்றை முழு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து, புரொப்பல்லரை எட்டவில்லை என்று டிரெய்லரில் இருக்கும்போதே அளந்து பாருங்கள்.

5 செ.மீ. கட்டையோடு ஆரம்பியுங்கள். கோணம் கூடக்கூட அலை சுத்தமாகும். இழுவையும் கூடும், கேட் இருக்கும் பக்கமாகப் படகு திரும்பப் பார்க்கும். சுக்கானை ஓயாமல் எதிர்த்துப் பிடிக்க வேண்டிவந்தால் ஒரு கட்டை இறங்குங்கள்.

நீச்சல் தளமும் எக்ஸாஸ்ட்டும்

எடை ஏறியதும் பின்தளம் தண்ணீரில் உரசத் தொடங்கும். அதன் தாங்கிகள் அலையின் அடியிலேயே நுரையைக் கிளப்பும். எடை, கேட், வேகம் மூன்றையும் மாற்றியும் ஒரு கோடு நுரை போகவில்லை என்றால் தளத்தைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். காரணம் அதுவென்றால் தாங்கியை உயர்த்தி மாட்டலாம்.

எக்ஸாஸ்ட் விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்கீ படகின் புகை ட்ரான்சத்தில் இரண்டு வாய்கள் வழியே வருகிறது. சர்ஃப் செய்பவரின் முகம் அதற்கு நேரே. வினையூக்கி இல்லாத பழைய பெட்ரோல் இஞ்சின் கார்பன் மோனாக்சைடை ஏராளமாகக் கக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் ஆகியவைதான் அறிகுறிகள். பலரும் இதை வெயில் களைப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு வாய்களையும் ஒரே ஸ்டெயின்லெஸ் குழாயில் சேர்த்து, தளத்துக்கு அடியில் இறக்கி, புரொப்பல்லர் தள்ளும் நீரோட்டத்துக்குள் புகையை விடும் சர்ஃப் எக்ஸாஸ்ட் குழாய் கிடைக்கிறது. கேட்டுக்குச் செலவிடும் முன் இதற்குச் செலவிடுங்கள். இதைப் பொருத்தினாலும், இஞ்சின் ஓடும்போது தளத்தில் யாரும் உட்காரக் கூடாது, தளத்தைப் பிடித்துத் தொங்கவும் கூடாது. பின்பக்க இருக்கைக்கு அருகில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருக்கட்டும்.

இன்னொன்று: எடை ஏறிய படகில் எக்ஸாஸ்ட் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். சட்டென்று நிறுத்தினால் பின்னால் வரும் அலை அதற்குள் ஏறி, இஞ்சின் வரைக்கும் தண்ணீரைத் தள்ளலாம். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராடு வளையும். வாயில் உள்ள ரப்பர் மூடிகள் கிழிந்திருந்தால் மாற்றுங்கள், வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள்.

புரொப்பல்லர், வேகம்

எடை ஏற்றிய பிறகு ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்தும் இஞ்சின் தன் கையேட்டில் சொன்ன உச்ச ஆர்பிஎம்மைத் தொடவில்லை என்றால் புரொப்பல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேறும் கணக்குத் தூரம்) அதிகம். ஓர் அங்குலம் பிட்ச் குறைத்தால் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும் என்பது நடைமுறைக் கணக்கு. விட்டத்தைக் கூட்டுவதாக இருந்தால் இறக்கை நுனிக்கும் ஹல்லுக்கும் இடையே விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி இருக்கட்டும். புரொப்பல்லரைச் சுத்தியால் தட்டிக் கழற்றாதீர்கள், புல்லர் போடுங்கள். ஷாஃப்ட்டை இஞ்சினோடு இணைக்கும் கப்ளிங்கையும் பிரித்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால் அளந்துவிடுங்கள். இரு முகங்களுக்கு நடுவே சுற்றிலும் வித்தியாசம் 0.075 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். படகு தண்ணீரில் இருக்கும்போதே அளப்பது முக்கியம். டிரெய்லரில் ஹல் வேறு மாதிரி உட்காரும்.

பழைய படகின் வேகமானி இந்த வேகத்தில் நம்பத்தக்கதல்ல. போனில் உள்ள ஜிபிஎஸ் போதும். மணிக்கு அரை கி.மீ. ஏறி இறங்கினாலே சர்ஃப் செய்பவர் அலையை இழப்பார். அதனால் அடிக்கடி ஓடுபவர்கள் ஜிபிஎஸ் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைப் பொருத்திக்கொள்வது நல்லது.

அலையைச் சரிசெய்யும் நாள்

ஆழம் மூன்று மீட்டருக்குக் குறையாத, காற்றில்லாத நீர். கரையிலிருந்தும் மற்ற படகுகளிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர். குறுகிய நீர்நிலையில் இதையும்விடத் தள்ளியே ஓட்டுங்கள், இந்த அலை கரையை அரிக்கும். யாரையும் இறக்காமல் 16.5 கி.மீ.யில் ஓட்டி, ஒருவர் பின்னால் பார்த்து வீடியோ எடுக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், ஒவ்வொன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அலையின் உச்சி நுரைத்துக் கீழே வழிந்தால், முதலில் வேகத்தை 0.3 கி.மீ. அளவில் ஏற்றுங்கள். போகவில்லை என்றால் கேட் கோணத்தைக் கூட்டுங்கள். உயரமாக இருக்கிறது, ஆனால் குட்டை என்றால் 20 கிலோவை அணியத்துக்கு நகர்த்துங்கள். நீளமாகச் சுத்தமாக இருக்கிறது, தள்ளுவிசை மட்டும் இல்லை என்றால் அதே 20 கிலோவைப் பின்னால் கொண்டுவாருங்கள், அல்லது வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைத்தும் ஒரு பக்க அலை மட்டும் மோசமாக இருப்பது பழுதல்ல. புரொப்பல்லர் ஒரு திசையில் சுழல்வதால் எல்லா ஒற்றைப் புரொப்பல்லர் படகிலும் ஒரு பக்கம் இயல்பாகவே நன்றாக வரும்.

கயிறு 6 முதல் 7 மீட்டர், முடிச்சு வளையம் எதுவும் இல்லாத தடித்த சர்ஃப் கயிறு. நடுவில் உள்ள ஸ்கீ கம்பத்தில் கட்டினால் உள்ளே இருப்பவர்களின் தலைக்குக் குறுக்கே ஓடும். ட்ரான்சத்தில் உள்ள இழுவை வளையமே இதற்குப் போதும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள யாரையும் விடாதீர்கள். அலையைப் பிடித்ததும் அவர் வீசும் கயிற்றை, படகில் இருப்பவர் உடனே உள்ளே சுருட்டிவிட வேண்டும்.

முடித்த பிறகு பைகளை அதே நீர்நிலையிலேயே முழுக்க வடித்துவிடுங்கள். பைக்குள் மிஞ்சிய ஒரு குவளைத் தண்ணீரிலேயே வேற்றுச் சிப்பிகளும் பாசியும் அடுத்த ஏரிக்குப் பயணம் போகும். பேலஸ்ட்டோடு படகை டிரெய்லரில் ஏற்றக் கூடாது. டிரெய்லரும் அதன் டயர்களும் வெறும் படகின் எடைக்குத்தான். வீட்டில் மூடியைத் திறந்து பைகளைத் தொங்கவிட்டு உலர்த்துங்கள். கேட்டின் கப்புகளை உப்பும் மணலும் போகக் கழுவி, ரப்பர் விளிம்பு எதிலும் அழுந்தாதபடி மல்லாத்தி வையுங்கள். அழுந்தி மடிந்த விளிம்பு அடுத்தமுறை காற்றைப் பிடிக்காது.